பயனாளி என்றொரு பொல்லாத சொல்

கொழும்பில் தொடர்மாடி மனையொன்றுக்குப் பணம் கட்டுகிறவரை நாம் கொள்வனவாளர் என்கிறோம். இறம்பொடையைச் சூழ்ந்த தோட்டங்களில், ஏழு பேர்ச் காணியில் எழுந்த தனிவீட்டுக்குக் குடிபோகிறவரை அரசாங்கம் பயனாளி என்கிறது. சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. இந்த விடயத்தில் எல்லாமே சொல்லில்தான் இருக்கிறது. கொள்வனவாளர் கேள்வி கேட்கலாம். பயனாளி நன்றி சொல்ல வேண்டும். கூரை ஒழுகினால் முன்னவர் சட்டத்தரணியைத் தேடுவார். பின்னவர் வாளியைத் தேடுவார்.

தொடர்மாடி வாங்குவோருக்கு இந்நாட்டில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. முற்பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோர் கதைகள் கொழும்பில் ஏராளம். ஆனாலும் அவர்களிடம் ஒரு கொள்வனவு ஒப்பந்தம் இருக்கிறது. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடிமனைச் சொத்துரிமைச் சட்டம் இருக்கிறது. 2003இல் அதிகாரங்கள் விரிவாக்கப்பட்ட கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை இருக்கிறது. கதவு திறக்காவிட்டாலும், தட்டுவதற்கு ஒரு கதவாவது உண்டு.

அயல்நாட்டைப் பாருங்கள். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மனைச்சொத்துச் சட்டத்தின்படி, வீட்டைக் கையளித்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்திறனிலோ பழுது தெரியவந்தால், அறிவித்த முப்பது நாட்களுக்குள் கட்டுநர் மேலதிகக் கட்டணமின்றித் திருத்தித் தரவேண்டும். எழுத்திலான ஒப்பந்தம் பதிவுசெய்யப்படாமல் விலையில் பத்து வீதத்துக்கு மேல் முற்பணம் வாங்க முடியாது. கட்டுநர் தன் வசதிக்கு எழுதிய ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தில், வேறு வழியின்றிக் கையொப்பமிட்ட வாங்குபவரை அதன் நிபந்தனைகள் கட்டுப்படுத்தாது என்று 2019 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனி நம் மலைக்கு வருவோம். ஒரு தோட்ட வீட்டின் பிறப்பில் எத்தனை கைகள் இருக்கின்றன என்று எண்ணிப்பாருங்கள். காணி அரசுக்குரியது. 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் தனியாரிடம் போனபின், அக்காணி பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் குத்தகையில் இருக்கிறது. பணம் திறைசேரியினது அல்லது இந்திய அரசினது. மேற்பார்வை, நம் மக்கள் 'ட்ரஸ்ட்' என்று அழைக்கும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தினது அல்லது அமைச்சினது. கட்டுபவர் கொந்தராத்துக்காரர். இவர்களுக்கிடையில் ஒப்பந்தங்கள் உண்டு, கடிதங்கள் உண்டு, பட்டியல்கள் உண்டு. அந்த வீட்டில் படுத்துறங்கப் போகும் பெண்ணின் கையொப்பம் மட்டும், வீட்டைப் பெற்றுக்கொண்டேன் என்ற தாளில் இருக்கிறது.

சுவர் வெடித்தால் அவள் எங்கே போவாள்? தோட்டக் காரியாலயம் ட்ரஸ்டைக் காட்டும். ட்ரஸ்ட் கொந்தராத்துக்காரரைக் காட்டும். கொந்தராத்துக்காரர் கடைசிப் பட்டியலுக்குரிய காசை எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார். பிரதேச சபையிடம் போகலாம் என்றால், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் பணம் தோட்டக் குடியிருப்புகளுக்குப் போவதை முப்பது ஆண்டுகள் தடுத்து நின்றது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. சட்டம் திருந்திவிட்டது, பழக்கம் இன்னும் திருந்தவில்லை.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்கும் கனவான்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு பதில்கள். முதலாவது, எல்லா வீடும் தானமல்ல. தொண்ணூறுகளிலும் அதன் பின்னரும் கட்டப்பட்ட வீடுகளில் கணிசமானவை கடன் வீடுகள். தோட்ட வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக வழங்கப்பட்ட அக்கடன், மாதாமாதம் கூலியில் வெட்டப்பட்டது. கடன் தீர்ந்தும் உறுதி கைக்கு வராத குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. விலை கொடுத்தும் பொருள் தன் பெயருக்கு வராத வாங்குபவரை வேறெந்தச் சந்தையில் கண்டிருக்கிறீர்கள்?

இரண்டாவது, இலவச வீட்டிலும் உழைப்பு உண்டு. 2016இல் தொடங்கிய இந்திய உதவியிலான 4,000 வீடுகள் உரிமையாளரே முன்னின்று கட்டும் முறையில் அமைந்தவை. ஒரு வீட்டுக்கு ஒன்பதரை இலட்சம் ரூபா என்று தொடங்கி, வேலை முடிய முடியக் கட்டங்கட்டமாகப் பணம் வந்தது. எஞ்சியது குடும்பத்தின் தலையில். மண் வெட்டியவர்கள் அவர்கள். கல் சுமந்தவர்கள் அவர்கள். மேசன் பாஸுடன் விலை பேசியவர்களும் அவர்கள். 2022இன் நெருக்கடியில் சீமெந்தின் விலை ஓராண்டுக்குள் இரு மடங்கைத் தாண்டியபோது, வேலை முடியாத வீட்டுக்காரர் நகையை அடகு வைத்தார். இதற்குப் பெயர் தானமா?

கேள்வி கேட்கும் உரிமை இங்கே ஆடம்பரமுமல்ல. கொழும்புத் தொடர்மாடியில் ஒரு வெடிப்பு என்றால் பெரும்பாலும் பூச்சு வேலையின் குறை. எங்கள் சரிவுகளில் ஒரு வெடிப்பு மண் நகர்வதன் முதல் அறிவிப்பாகவும் இருக்கலாம். 2014 ஒக்ரோபர் 29இல் மீரியபெத்தை மண்ணுக்குள் போனது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களின் மலைகளைப் பிளந்தது. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இதற்குப் பிறகும் ஒரு புது வீட்டின் அத்திவாரத்தருகே நிலம் பிளந்திருப்பதைச் சொல்லவரும் பெண்ணிடம், 'கிடைத்ததை வைத்துக்கொண்டு இருங்கள்' என்று ஓர் உத்தியோகத்தர் சொல்வாரானால், அவர் எதற்குப் பொறுப்பேற்கிறார் என்று தெரிந்துதான் சொல்கிறாரா?

ஆகவே சில கோரிக்கைகளை வைக்கிறேன். இவற்றில் எதுவும் புதுமையானதல்ல. எல்லாம் கட்டட ஒப்பந்தங்களில் நாள்பட்ட வழக்கம்தான். முதலாவது, கொந்தராத்துக்காரருடன் செய்யும் ஒப்பந்தத்தில் வீட்டுக்காரரும் ஒரு தரப்பாக இருக்க வேண்டும். பிரதி தமிழில் அவர் கையில் இருக்க வேண்டும். இரண்டாவது, பழுதுப் பொறுப்புக் காலம் தென்மேல் பருவமழை, வடகீழ்ப் பருவமழை இரண்டையும் கடந்ததாக இருக்க வேண்டும். மழை காணாத கூரையைப் பரிசோதித்துப் பயனில்லை. மூன்றாவது, நிறுத்திவைக்கும் பணம் வீட்டுக்காரரின் கையொப்பமின்றி விடுவிக்கப்படக் கூடாது. நான்காவது, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் நில அறிக்கை வீட்டுடன் சேர்த்துக் கையளிக்கப்பட வேண்டும். ஐந்தாவது, சாவியும் உறுதியும் ஒரே நாளில் வரவேண்டும். உறுதி இல்லாதவர் வழக்காட முடியாது, வங்கியில் ஈடு வைக்க முடியாது, பிள்ளைக்கு எழுதிவைக்கவும் முடியாது.

இப்படி நிபந்தனை போட்டால் வீடுகள் தாமதமாகும், லயத்தில் இருப்பவர்கள் இன்னும் காத்திருக்க வேண்டிவரும் என்பார்கள். தாமதத்தைப் பற்றி இவர்கள் பேசலாமா? இந்தியப் பிரதமர் 2017 மே 12இல் நோர்வூட்டில் அறிவித்த பத்தாயிரம் வீடுகளின் வேலை 2024இல்தான் தொடங்கியது. அந்த ஏழு ஆண்டுகளை விழுங்கியது எந்த வீட்டுக்காரரின் கேள்வியுமல்ல. மலையகத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபைக்கு 2018இலேயே சட்டம் நிறைவேறிவிட்டது. முறைப்பாட்டுக்கென ஒரு மேசையை அங்கே போடுவதற்கு இன்னொரு சட்டம் தேவையில்லை.

தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடிக்கல் நாட்டும்போதும் நாடா வெட்டும்போதும் நீங்கள் தவறாமல் வருகிறீர்கள். உங்கள் பெயர் பொறித்த கல்லில் மட்டும் ஒருபோதும் வெடிப்பு விழுவதில்லை. முதல் மழைக்குப் பிறகு ஒருமுறை வாருங்கள். சந்தாப் பணம் அதற்குந்தான்.

அதுவரை வீட்டுக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சாவி வாங்கும் நாளிலேயே ஒவ்வோர் அறையையும் படமெடுத்து வையுங்கள். குறை இருந்தால், அதைக் குறிப்பிட்டு எழுதிய பின்னரே கையொப்பமிடுங்கள். வெடிப்பு தென்பட்டால் அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டி நீண்டால் அது வெறும் பூச்சுக் குறையாக இருக்காது, உடனே கிராம அலுவலரிடம் சொல்லுங்கள். முறைப்பாட்டை வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுத்து, பதிவுத் தபால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் வீட்டின் கட்டட ஒப்பந்தத்தையும் அளவுப் பட்டியலையும் அமைச்சிடம் கேளுங்கள். தருவதா இல்லையா என்பதைப் பதினான்கு வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். எத்தனை மூடை சீமெந்துக்குக் காசு எடுக்கப்பட்டது என்பது தெரிந்துவிட்டால், பேச்சின் தொனியே மாறிவிடும்.

அந்த விண்ணப்பத்தில் உங்கள் பெயருக்குக் கீழே 'பயனாளி' என்று எழுதாதீர்கள். 'வீட்டின் உரிமையாளர்' என்று எழுதுங்கள். உறுதி இன்னும் வராவிட்டாலும் அப்படியே எழுதுங்கள்.