சீட்டு கெட்டதா? ஆடுகிற கை கெட்டதா?



போன மாதம் மழை பெய்த அன்று விளையாட்டு பீரியடில் மைதானத்துக்குப் போக முடியவில்லை. நாங்கள் நாலு பேர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கழுதை ஆடினோம். கழுதை என்றால் சீட்டாட்டம்தான். சார் பார்த்துவிட்டார். சீட்டுக்கட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "பொம்பளப் புள்ளைங்க சீட்டு ஆடுற அளவுக்கு வந்துட்டீங்களா?" என்றார். "காசு வச்சு ஆடல சார். சும்மா யோசிச்சு ஆடுறதுதான் சார்" என்றேன். "அப்படி என்னத்த யோசிச்சேன்னு சுவர்ப் பத்திரிகையில எழுது, படிச்சுப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டார். அதனால்தான் இந்தக் கட்டுரை.

பள்ளிக்கூடத்துக்குச் சீட்டு கொண்டு வந்தது என் தப்பு. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சீட்டு ஆடுவதே தப்பு என்பதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

முதலில் பெரியவர்கள் பக்கம் இருக்கிற நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். திருவள்ளுவர் சூதுக்கென்று தனியாக ஒரு அதிகாரமே (94-வது) எழுதியிருக்கிறார். தருமர் சூதாடி நாட்டையும், தம்பிமாரையும், தன்னையும், பாஞ்சாலியையும் தோற்றார். அவ்வளவு தூரம் போவானேன்? எங்க தாத்தாவே ஒரு ஆடி மாதத் திருவிழாவில் சீட்டாடி ரெண்டு ஆட்டை விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தாராம். இப்போது மரத்தடிக்குக்கூடப் போக வேண்டாம், செல்போனிலேயே ரம்மி வந்துவிட்டது. அதில் பணத்தை இழந்து எத்தனையோ குடும்பம் அழிந்ததை எல்லாரும் செய்தியில் பார்த்தோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தேடிப் படித்தேன். 1967-ல் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமையால் ஆடுகிற ஆட்டம் என்று ஒரு தீர்ப்பில் சொன்னது. 2025 ஆகஸ்டில் நம் பாராளுமன்றம் போட்ட சட்டமோ, திறமையோ அதிர்ஷ்டமோ, ஆன்லைனில் பணம் கட்டி ஆடுகிற விளையாட்டே கூடாது என்கிறது. ஒன்றுக்கொன்று எதிராகத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. சீட்டில் மூளைக்கு வேலை இருக்கிறது என்பது உண்மை. பணம் உள்ளே வந்துவிட்டால் அந்த மூளை நம்மைக் காப்பாற்றாது என்பதும் உண்மை. அதனால் நான் பேசப் போவது காசு இல்லாத சீட்டைப் பற்றி மட்டும்தான்.

கழுதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஒரு கட்டில் 52 சீட்டு. ஆட்டின், டைமன், கிளாவர், இஸ்பேட் என்று நாலு வகை, வகைக்கு 13. நாலு பேர் ஆடினால் ஆளுக்கு 13 சீட்டு. ஒருத்தர் ஆட்டின் போட்டால் எல்லாரும் ஆட்டின்தான் போடணும். எல்லாரும் போட்டுவிட்டால் அந்தச் சீட்டுகள் கழிந்துவிடும். பெரிய சீட்டு போட்டவர் அடுத்த ஆட்டத்தைத் தொடங்குவார். கையில் ஆட்டினே இல்லாதவர் வேறு சீட்டைப் போட்டு வெட்டலாம். வெட்டு விழுந்தால், அதுவரை பெரிய ஆட்டின் போட்டவர் எல்லாச் சீட்டையும் அள்ளிக்கொள்ளணும். கை காலியானவர் தப்பித்தார். கடைசிவரை சீட்டு வைத்திருப்பவர் கழுதை.

இதில் யோசிக்க என்ன இருக்கு என்று கேட்பீர்கள். நிறைய இருக்கு. ஆட்டின் ரெண்டு சுற்று வெட்டில்லாமல் போய்விட்டது என்று வையுங்கள். 8 சீட்டு கழிந்தது, மிச்சம் 5. அதில் 3 என் கையில் இருந்தால், மற்ற மூன்று பேருக்கும் சேர்த்து ரெண்டுதான் இருக்கும். அப்படியானால் யாராவது ஒருத்தரிடம் கட்டாயம் ஆட்டின் இல்லை. இப்போது நான் ஆட்டின் ராஜாவைப் போட்டால் வெட்டு விழும், அள்ளுவது நான்தான். அதனால் பெரிய சீட்டை எல்லாரிடமும் அந்த வகை இருக்கும்போதே முதல் சுற்றுகளில் தள்ளிவிடணும். சின்னதைக் கடைசிக்கு வைக்கணும். கழிந்த சீட்டைத் திருப்பிப் பார்க்கக் கூடாது, மனசிலேயே எண்ணிக்கொண்டு வரணும். யார் எதை வெட்டினார்கள் என்றும் ஞாபகம் வைக்கணும். கண்ணால் பார்த்ததை வைத்து, பார்க்காததைக் கண்டுபிடிக்கணும். அறிவியல் பாடத்திலும் இதைத்தானே செய்கிறோம்?

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது எங்க அம்மாச்சி. பள்ளிக்கூடமே போகாதவங்க. "நம்பர் தெரியாம எப்படி அம்மாச்சி ஆடுற?" என்று கேட்டதற்கு, "எத்தனை பூ இருக்குன்னு எண்ணினா ஆச்சு. அதுக்கு எதுக்கு நம்பரு?" என்றது.

இதுவரை எழுதியது பெருமை. இனிமேல் எழுதப் போவது பெருமை இல்லை.

கோடை லீவில் அம்மாச்சி, சித்தி மகள், என் தம்பி, நான், நாலு பேரும் திண்ணையில் ஆடினோம். ஆட்டம் முடிகிற நேரம். என் கையில் மூன்றே சீட்டு. ஆட்டின் ஏழு, டைமன் ராஜா, இஸ்பேட் ரெண்டு. தம்பி கையிலும் மூன்றுதான். அவன் ஆட்டின் ராஜாவை இறக்கினான். அக்கா ஆட்டின் நாலு போட்டாள். அடுத்தது நான். நியாயப்படி ஏழைப் போடணும். ஆனால் டைமன் ராஜா கையில் இருந்தால் பிறகு மாட்டிக்கொள்வேன் என்று தெரியும். ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. "ஆட்டின் இல்லை" என்று சொல்லி டைமன் ராஜாவால் வெட்டிவிட்டேன்.

தம்பிக்கு 2 சீட்டு 5 ஆனது. அடுத்து அவன் இஸ்பேட் போட்டான், நானும் என் ரெண்டைப் போட்டேன். அக்காவுடையது பெரிசு, அவள் தொடங்கினாள். ஆட்டின் போட்டாள். நான் ஆட்டின் ஏழைப் போட்டுத் தப்பித்தேன். கடைசியில் தம்பிதான் கழுதை. எங்க வீட்டுச் சட்டப்படி கழுதையானவர் கத்திக்கொண்டே வாசலைச் சுற்றி வரணும். அவனும் அழுதுகொண்டே கத்திக்கொண்டு சுற்றினான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அன்று ராத்திரி பாய் விரிக்கும்போது அம்மாச்சி மெதுவாகக் கேட்டுச்சு. "ஏன் தாயி, ஆட்டின் இல்லேன்னுதானே வெட்டின? அதுக்கப்புறம் நீ சீட்டே எடுக்கலையே. பொறவு எங்கிருந்து வந்துச்சு அந்த ஏழு பூ ஆட்டின்?"

எனக்கு ஒரு பதிலும் வரவில்லை. எவ்வளவு சரியான கேள்வி! கையில் இல்லை என்றேன், புதிதாக எதுவும் வாங்கவில்லை, பிறகு கையிலிருந்து போட்டேன். மூன்றையும் சேர்த்தால் ஒரே விடைதான் வரும். எனக்கு எண்ணத் தெரியும் என்று பெருமைப்பட்டேனே, என்னைவிட நன்றாக எண்ணத் தெரிந்தவங்க எதிரிலேயே உட்கார்ந்திருந்தது மறந்துபோனது.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல அம்மாச்சி?" என்றேன். "நீ சொல்லுவேன்னு பார்த்தேன்" என்றது. வேறு ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் தம்பியிடம் சொன்னேன். "அப்போ நீதான் கழுதை" என்றான். தெருவில் ஆள் போய்க்கொண்டிருக்கும்போதே கத்திக்கொண்டு மூன்று தடவை வாசலைச் சுற்றினேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அதற்குப் பிறகு ஆடும்போது நான் வெட்டினாலே தம்பி, "கையைக் காட்டு" என்பான். என்னிடம் நிஜமாகவே இருக்காது. இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் விரித்துக் காட்டணும். நான் காட்டினால் எல்லாருக்கும் என் சீட்டு தெரிந்துவிடும், நான்தான் தோற்பேன். ஒரு பொய் வெட்டுக்கு லீவு முழுக்கத் தோற்றேன். அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. எட்டு வயசுப் பையனுக்கு என்னை நம்பாமல் இருக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தானே.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான். கபடியில் தொட்டாயா இல்லையா என்று சொல்ல நடுவர் இருக்கார். பரீட்சையில் சார் நிற்கிறார். கழுதை ஆட்டத்தில் என் கையில் இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். "இல்லை" என்று நான் சொன்னால் மற்ற மூன்று பேரும் நம்பித்தான் ஆகணும். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் ஆட்டமே கிடையாது. 52 சீட்டையும் எண்ணத் தெரிந்தவள் கெட்டிக்காரி. ஆனால் யாரும் பார்க்காத சீட்டை உள்ளபடி சொல்கிறவள்தான் நல்லவள். கெட்டிக்காரியாக மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று நானே செய்து பார்த்துவிட்டேன்.

தாத்தா தோற்ற ஆடுகளைப் பற்றியும் அம்மாச்சியிடம் கேட்டேன். "சீட்டைப் பார்த்தா உனக்குக் கோபம் வராதா?" என்றதற்கு, "ஆட்டை ஓட்டிட்டுப் போனது சீட்டு இல்ல தாயி. இன்னொரு கை போட்டா விட்டதப் பிடிச்சிரலாம்ங்கிற நெனப்பு" என்றது. யோசித்துப் பாருங்கள். முழுக்கட்டையும் கலைத்து ஒரு சீட்டை உருவினால் ஏஸ் வருவதற்கு 52-ல் 4, அதாவது 13-ல் 1 தான் வாய்ப்பு. போன தடவை வரவில்லை என்பதால் இந்தத் தடவை அது கூடாது. கலைத்த சீட்டுக்குப் போன ஆட்டம் ஞாபகம் இருக்காது. தோற்றவருக்குத்தான் ஞாபகம் இருக்கும். இந்த ஒரு கணக்கு தெரிந்திருந்தால் எங்க தாத்தா ரெண்டு ஆட்டோடு வீட்டுக்கு வந்திருப்பார்.

ஆகவே என் கருத்து: காசு வைத்து ஆடுவதை யார் ஆடினாலும், எவ்வளவு சின்னக் காசாக இருந்தாலும், எதிர்க்கணும். ஐம்பது பைசா மிட்டாய் வைத்துக்கூட ஆட வேண்டாம், பழக்கம் அங்கேதான் தொடங்கும். ஆனால் வீட்டில், லீவில், படிப்பு முடிந்த பிறகு, தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து கழுதை ஆடுகிற பிள்ளைகளைச் சூதாடி என்று சொல்லாதீர்கள். அங்கே எண்ணுவதையும் கற்கிறோம், பொறுமையையும் கற்கிறோம், தோற்றால் கத்திக்கொண்டு சுற்றவும் கற்கிறோம். பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதையும், ஆடு மாடு போகாமலே கற்கிறோம்.

சார், நீங்கள் கேட்டபடி என்ன யோசித்தேன் என்று எழுதிவிட்டேன். சீட்டுக்கட்டைத் திருப்பித் தந்தால் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவேன், இனிமேல் பள்ளிக்குக் கொண்டு வர மாட்டேன். அது அம்மாச்சியுடைய கட்டு. அதில் கிளாவர் ஒன்பது கிழிந்து, அட்டையில் வரைந்து வைத்திருக்கிறோம். பின்பக்கம் பார்த்தாலே அது எந்தச் சீட்டு என்று தெரிந்துவிடும். தெரிந்தாலும் தெரியாத மாதிரி ஆடணும் என்பது எங்க வீட்டுச் சட்டம். இப்போது நானும் அப்படித்தான் ஆடுகிறேன்.

தம்பி கையைக் காட்டச் சொல்வதை நிறுத்திவிட்டான்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி