ஏஜென்ட் வந்தால்தான் கதவு திறக்குமா?

“நிகழ்ச்சிக்கு நல்ல ஐடியா இருக்கிறதா? முதலில் ஒரு ஏஜென்டைப் பிடியுங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.” தொலைக்காட்சி எழுத்து பற்றிய பயிலரங்கு எங்கே நடந்தாலும் யாராவது ஒருவர் மேடையில் இதைச் சொல்லிவிடுகிறார். பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வடபழனியிலும் சாலிகிராமத்திலும் அறையெடுத்துத் தங்கி வாய்ப்புத் தேடும் பிள்ளைகள் இதை நோட்டில் குறித்துக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது. அமெரிக்கக் கையேடுகளிலிருந்து எடுத்துவந்து நம் தலையில் கட்டிய அறிவுரை இது. அமெரிக்காவிலேயே இது பாதிதான் உண்மை. சென்னையில் அந்தப் பாதியும் இல்லை.

ஏஜென்ட் இல்லாமல் எந்தச் சேனலும் நம் தாளைத் தொடாது என்பது இவர்களின் முதல் வாதம். 1993-ல் சன் டிவி தொடங்கிய பிறகு இங்கே தனியார் தொலைக்காட்சித் தொழில் எப்படி வளர்ந்தது என்று இவர்கள் பார்த்ததே இல்லையா? தயாரிப்பாளர் சேனலுக்குப் பணம் கட்டி ஸ்லாட் வாங்குவார். விளம்பர நிமிடங்களை விற்றுப் போட்டதை எடுப்பார். பின்னாளில் எபிசோடுக்கு இவ்வளவு என்று சேனலே விலை பேசிக் கொடுக்கும் முறை வந்தது. இரண்டு முறையிலும் சேனலுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் தயாரிப்பாளர். 1999-ல் ‘சித்தி’ வந்தது ராடான் நிறுவனம் வழியாக. 2017-ல் ‘பிக் பாஸ்’ தமிழுக்கு வந்ததும், 1999-ல் நெதர்லாந்தில் பிறந்த ஒரு ஃபார்மட்டின் உரிமையைக் கையில் வைத்திருந்த எண்டமால் ஷைன் என்ற தயாரிப்பு நிறுவனம் வழியாகத்தான். இங்கே ஏஜென்டுக்கு நாற்காலியே போடவில்லை. இல்லாத ஆளைத் தேடி ஒருவன் இரண்டு வருடத்தைத் தொலைத்தால் அதற்கு யார் பொறுப்பு?

அமெரிக்காவில் ஸ்டுடியோக்கள் கேட்காமல் வந்த தாள்களைத் திருப்பி அனுப்புவது உண்மை. ஆனால், ‘என் கதையைத் திருடிவிட்டார்கள்’ என்று நாளை வழக்கு வரும் என்ற பயம்தான் அதற்குக் காரணம். எழுத்தின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வழக்கறிஞர் வழியாக வந்தாலோ, உரிமை கோர மாட்டேன் என்று கையெழுத்திட்ட படிவத்தோடு வந்தாலோ வாங்கிப் படிப்பவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். மேடையில் இதை யாரும் சொல்வதில்லை.

இன்னொன்றையும் மறைக்கிறார்கள். வெறும் ஐடியாவோடு வருபவரை அங்குள்ள ஏஜென்ட் சேர்த்துக்கொள்வதில்லை. கமிஷன் பத்து சதவீதம். இன்னும் ஒரு டாலர்கூடச் சம்பாதிக்காதவரிடம் எதில் பத்து சதவீதம் எடுப்பது? பிரிட்டனில் பிறந்த ‘ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்’ நிகழ்ச்சியின் கதையைப் பாருங்கள். யோசித்தவர்கள் டேவிட் பிரிக்ஸ், மைக் வைட்ஹில், ஸ்டீவன் நைட். முதலில் வைத்த பெயர் ‘கேஷ் மவுன்டன்’. செலடார் என்ற தயாரிப்பு நிறுவனத்தின் பால் ஸ்மித், மறுத்தவர்களிடமே திரும்பத் திரும்பப் போய்ப் பேசினார். 1998 செப்டம்பரில் ஐடிவியில் ஒளிபரப்பானது. பிரிட்டன் முழுவதும் அதைப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் அதை அமெரிக்காவில் விற்றுத்தரப் பெரிய ஏஜென்சி வந்தது. அப்படி விற்ற பிறகும் என்ன ஆயிற்று? அவ்வளவு ஓடிய நிகழ்ச்சியில் லாபமே இல்லை என்று அதை வாங்கிய டிஸ்னி தரப்பு கணக்குக் காட்டியது. செலடார் வழக்குப் போட்டு, 2010-ல் ஜூரி சுமார் 27 கோடி டாலர் கொடுக்கச் சொன்ன பிறகுதான் நியாயம் கிடைத்தது. பெரிய ஏஜென்சி பேசி முடித்த ஒப்பந்தம்கூட நீதிமன்றத்துக்குப் போகவேண்டியிருந்தது.

இவர்கள் சொல்வதில் எனக்கு மிகவும் பொறுக்காதது ஒன்று உண்டு: ஏஜென்ட் இருந்தால் உங்கள் ஐடியாவை யாரும் திருட முடியாது என்பது. இதைவிட ஆபத்தான பொய்யை ஒரு புது எழுத்தாளரிடம் சொல்லவே முடியாது. ஐடியா என்பது சட்டத்தின் கண்ணில் சொத்தே இல்லை. 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ‘ஹம் ஹிந்துஸ்தானி’ என்ற தன் நாடகத்தைத்தான் ‘நியூ டெல்லி’ என்ற படமாக எடுத்துவிட்டார்கள் என்று நாடக ஆசிரியரான ஆனந்த் வழக்காடினார். நாடகக் கதையைப் படத்தின் இயக்குநரிடம் அவரே விளக்கிச் சொல்லியும் இருந்தார். கருவுக்குக் காப்புரிமை கிடையாது, அது வெளிப்பட்ட வடிவத்துக்குத்தான் உண்டு என்று சொல்லி நீதிமன்றம் அவரைத் திருப்பி அனுப்பியது.

பிரிட்டனின் ஹியூயி கிரீனுக்கு நடந்தது இன்னும் பாடம் சொல்லும். ‘ஆப்பர்ச்சுனிட்டி நாக்ஸ்’ என்ற திறமைப் போட்டியை நடத்திப் புகழ்பெற்றவர் அவர். நியூசிலாந்து ஒளிபரப்புக் கழகம் அதே பெயரில், அவர் சொல்லும் அதே வாக்கியங்களோடு, கைதட்டலை அளக்கும் அதே ‘கிளாப்போமீட்டர்’ கருவியோடு ஒரு நிகழ்ச்சி நடத்தியது. 1989-ல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றார் கிரீன். நிகழ்ச்சிக்கு ஸ்கிரிப்ட் இருந்தது என்றார். அதில் என்ன எழுதியிருந்தது என்பதற்குத் திட்டமான சாட்சியம் நீதிமன்றத்தில் இல்லை. நாடறிந்த நட்சத்திரத்துக்கே இதுதான் நிலை. தாளைக் காட்ட முடியாதவரை எந்த ஏஜென்ட் வந்து காப்பாற்றுவார்?

இனி ஜெயித்தவர்களைப் பார்க்கலாம். பெண் தன் மாப்பிள்ளையைத் தொலைக்காட்சியில் தேர்ந்தெடுக்கும் ‘ஸ்வயம்வர்’ என்ற நிகழ்ச்சியை யோசித்த அனில் குப்தா, அதைக் கான்செப்ட் நோட்டாக எழுதிப் பதிவு செய்தார். சோனியிடம் போய் விளக்கினார். பிறகு அதே போன்ற நிகழ்ச்சியைச் சோனி கொண்டுவரப்போகிறது என்று தெரிந்ததும் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் 2002-ல் தடை வாங்கினார். சுயம்வரம் புராணத்திலேயே இருக்கிறதே என்ற எதிர்வாதம் எடுபடவில்லை. அதை ரியாலிட்டி நிகழ்ச்சியாக விரித்து எழுதிய விதம் புதியது, நம்பிக்கையின் பேரில் சொல்லப்பட்டது என்று நீதிமன்றம் பார்த்தது. மறுவருடமே பம்பாய் உயர் நீதிமன்றத்தில் சண்டியல் நிறுவனம் ஜீயை எதிர்த்து ஜெயித்தது. ‘கிருஷ் கன்ஹையா’ என்ற தொடரின் கருவை ஜீயிடம் சொல்லியிருந்தார்கள். பிறகு ஜீயே ‘கன்ஹையா’ என்று ஒரு தொடரைக் கொண்டுவந்தது. இரண்டு வழக்கிலும் நீதிமன்றம் கேட்ட கேள்விகள் ஒன்றுதான்: எழுத்தில் விரிவாக இருந்ததா, நம்பிக்கையின் பேரில் சொல்லப்பட்டதா, சொன்னதற்கு ஆதாரம் உண்டா? ஏஜென்ட் இருந்தாரா என்று எந்த நீதிபதியும் கேட்கவில்லை.

இந்த மூன்றையும் நாமே செய்யலாம். பத்துப் பக்கமாவது எழுதுங்கள்: நிகழ்ச்சி எப்படித் தொடங்கும், சுற்றுகள் என்ன, யார் எப்போது வெளியேறுவார், பத்தாவது எபிசோடில் என்ன நடக்கும் என்று. காப்புரிமை அலுவலகத்திலோ எழுத்தாளர் சங்கத்திலோ பதிவு செய்யுங்கள். கதை சொல்லிவிட்டு வந்த அன்று மாலையே, ‘இன்று உங்களிடம் நம்பிக்கையின் பேரில் விளக்கிய கருத்துரு’ என்று அதையும் இணைத்து ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இதற்குக் கமிஷன் எதுவும் கொடுக்க வேண்டாம்.

ஏஜென்ட் எப்போதும் எழுத்தாளர் பக்கம்தான் நிற்பார் என்கிறார்களே, 2019 ஏப்ரலில் ஹாலிவுட்டில் என்ன நடந்தது? ஏழாயிரத்துக்கும் அதிகமான திரை எழுத்தாளர்கள் தங்கள் ஏஜென்டுகளை ஒரே சமயத்தில் விலக்கினார்கள். ‘பேக்கேஜிங்’ என்ற பழக்கம்தான் காரணம். எழுத்தாளரையும் நடிகரையும் இயக்குநரையும் சேர்த்து ஒரே கட்டாகக் கொடுத்துவிட்டு ஏஜென்சி ஸ்டுடியோவிடமே பணம் வாங்கிக்கொண்டிருந்தது. எழுத்தாளரின் சம்பளம் குறைந்தாலும் ஏஜென்சிக்கு நஷ்டமில்லாமல் இருந்தது. கடைசிப் பெரிய ஏஜென்சி எழுத்தாளர் சங்கத்தின் நிபந்தனைக்குக் கையெழுத்திட்டது 2021 பிப்ரவரியில். ஏஜென்ட் முறை வேரூன்றிய ஊரிலேயே இப்படி என்றால், அந்த முறையே இல்லாத ஊரில் அதை எந்த நியாயத்தில் விற்கிறார்கள்?

ஏஜென்ட் இருந்தால் மரியாதை கூடுமாம். ஓடுகிற நிகழ்ச்சிதான் மரியாதையைக் கொண்டுவரும்.

இந்த முழக்கத்தால் இங்கே உண்மையில் பிழைப்பவர்கள் வேறு ஆட்கள். ‘சேனல் ஆட்களைத் தெரியும், ப்ரோகிராமிங் ஹெட்டிடம் நேரே கூட்டிப்போகிறேன்’ என்று சொல்லி முன்பணம் கேட்பவர்கள். இவர்களுக்கு விசிட்டிங் கார்டில் ஏஜென்ட் என்று போட்டுக்கொள்ளும் தைரியத்தை மேடையில் பேசுபவர்கள்தான் கொடுத்திருக்கிறார்கள். உண்மையான ஏஜென்ட், எழுத்தாளர் சம்பாதித்த பிறகு அதில் பங்கு எடுப்பவர். சம்பாதிப்பதற்கு முன்பே பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

‘புதியவருக்கு ஒப்பந்தம் புரியாது, அதற்காகவாவது ஏஜென்ட் வேண்டும்’ என்பது கடைசி வாதம். புரியாவிட்டால் படித்துப் புரிந்துகொள்ளலாம். காப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு ஒரு பக்கம்தான். உரிமையைக் கைமாற்றுவது எழுத்திலும் கையெழுத்தோடும் இருக்கவேண்டும். எத்தனை காலத்துக்கு என்று குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டுதான். எந்தெந்த நாட்டுக்கு என்று குறிக்காவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அந்த உரிமை காலாவதியாகிவிடும். ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்ற சொற்களை ஒப்பந்தத்தில் ஏன் தவறாமல் அச்சடித்து நீட்டுகிறார்கள் என்பது இந்த ஒரு பக்கத்தைப் படித்தவருக்கு உடனே விளங்கும். அந்தச் சொற்களுக்கு எதிரே பேனாவை வைத்து ‘ஐந்து ஆண்டு, தமிழ் மட்டும்’ என்று கேட்பதற்கு ஒரு வழக்கறிஞருக்கு ஒருமுறை கொடுக்கும் கட்டணம் போதும்.