தோட்ட வாயிலோடு நின்றுவிடும் சட்டம்

விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டுக் கூடையைச் சுமந்து மலையேறும் நம் சகோதரி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். இருபது ஆண்டுகளாகக் கொழுந்து பறித்தவள். எந்த மலையில் எப்போது கொழுந்தெடுக்க வேண்டுமென்பதைத் துரையைவிட நன்கறிந்தவள். கங்காணி வேலைக்கு ஆள் தேவைப்படுகிறது; அவ்வேலை நேற்று வந்த இளைஞனொருவனுக்குப் போகிறது. அவள் பெண் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அவள் எங்கே சென்று முறையிடுவாள்? நுவரெலியாவிலும் ஹட்டனிலும் இக்கேள்வி எழும்போதெல்லாம், சட்டம் பயின்ற நாம் தலைகுனிய வேண்டியிருக்கிறது.

அரசியலமைப்பு இருக்கிறதே என்பர் சிலர். உண்மைதான். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் 12ஆம் உறுப்புரை, இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கொள்கை, பிறப்பிடம் என்பவற்றைக் காட்டி எந்தப் பிரசைக்கும் ஓரவஞ்சனை செய்யலாகாதென்கிறது. ஆனால், அவ்வுரிமைக்காக உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டும் வழியைக் கூறும் 17ஆம், 126ஆம் உறுப்புரைகளைப் படித்துப் பாருங்கள். ஆட்சித்துறையும் நிருவாகத்துறையும் செய்யும் மீறலுக்கு எதிராகவே அங்கு செல்லலாம். அதுவும் ஒரு மாதத்துக்குள் செல்ல வேண்டும். 1992ஆம் ஆண்டில் பெரும்பாலான தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளின் கைக்கு மாறியது. நிலம் அரசுடையது, ஆனால் வேலை கொடுப்பவன் கம்பனிக்காரன். ஆகவே, அரசியலமைப்பு அளித்த காப்பு தோட்ட வாயிலோடு நின்றுவிடுகிறது.

தொழில் நியாய சபை உண்டே என்பர் வேறு சிலர். 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின்கீழ் தனியொரு தொழிலாளி அங்கே செல்வது பெரும்பாலும் வேலை பறிபோன பின்னரேயாம். வேலையில் இருந்துகொண்டே, பதவி உயர்வு மறுக்கப்பட்டு, கடினமான மலைக்கே நாள்தோறும் அனுப்பப்பட்டு அல்லற்படுபவளுக்கு அச்சபையின் கதவு திறவாது. அவளுடைய குறையைச் சங்கம் பிணக்காக எழுப்பி, அமைச்சர் நடுத்தீர்ப்புக்கு அனுப்ப வேண்டும். ஒரு கொழுந்துக்காரியின் குறைக்காக எந்த அமைச்சர் பேனா எடுப்பார்? 1999ஆம் ஆண்டின் திருத்தம் சங்கத்தில் சேர்ந்தமைக்காகப் பழிவாங்குவதைத் தடுத்தது, அதனை வரவேற்கிறோம். பெண்ணென்றும், தமிழரென்றும், சாதியில் தாழ்ந்தோரென்றும் ஒதுக்கப்படுவோருக்கு அது துணையாகாது.

மலையகத்தில் நீதி எப்போதும் பிந்தியே வந்திருக்கிறது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டத்தின்கீழ், மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் நாட்கூலியாக முதலில் விதிக்கப்பட்டன. வேற்றுமையைச் சட்டமே விதித்த காலம் அது! நாட்கூலி சமமாவதற்கு 1984ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. 1948இல் பறிக்கப்பட்ட குடியுரிமை, எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாலேயே கிடைத்தது. அதுவரை, 'பிரசைக்கு' என்று எழுதப்பட்ட உரிமை அவர்களுக்கு எட்டாக்கனியாகவே இருந்தது.

கூலி சமமான பின்னும் வேலை சமமாகிவிட்டதா? கவ்வாத்துக்குச் செல்லும் ஆண் தன் கணக்கை முடித்து நண்பகல் கடந்ததும் வீடு திரும்பலாம். கொழுந்து பறிப்பவள் மாலைவரை மலையில் நிற்க வேண்டும். நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப்பேர். மலையில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களை மேய்க்கும் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் பெரும்பாலும் ஆண்கள். இதனைத் தற்செயல் என்போமா?

நாம் கேட்பது புதுமையன்று. ஊனமுற்றோரை வேலைக்குச் சேர்ப்பதில் பாகுபாடு காட்டலாகாதென 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் விதித்திருக்கிறது. தொழிலிற் பாகுபாட்டை ஒழிப்பதாகச் சர்வதேசத் தொழில் அமைப்பின் 111ஆம் சமவாயத்தை ஏற்று 1998இல் இலங்கை அரசு வாக்குக் கொடுத்தது. நம் தேயிலையைப் பருகும் பிரித்தானியாவில், 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் தனியார் முதலாளியையும் கட்டுப்படுத்துகிறது. பாகுபாடு நிகழ்ந்ததெனக் கொள்ளத்தக்க செய்திகளைத் தொழிலாளி காட்டிவிட்டால், அவ்வாறு நிகழவில்லையென நிறுவும் பொறுப்பு அங்கே முதலாளியுடையது. தேயிலை குடிப்பவனுக்குள்ள காப்பு, அதைப் பறிப்பவளுக்கு ஏன் இருக்கலாகாது?

ஆதலால், பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்ற வேண்டுமென்கிறோம். அச்சட்டம் அரசையும் தனியாரையும் ஒருங்கே கட்டுப்படுத்த வேண்டும். வேலையில் இருப்போரின் முறைப்பாட்டையும் விசாரிக்கும் அதிகாரம் தொழில் நியாய சபைக்கு வேண்டும். செக்ரோலும் கொழுந்துக் கணக்கும் கம்பனியின் பெட்டியில் பூட்டிக் கிடக்கையில், சாட்சியத்தைத் தொழிலாளியிடம் கேட்பது நீதியாகாது. நிறுவும் பொறுப்பு பிரித்தானியாவிற் போன்றே முகாமையைச் சார வேண்டும். முறையிட ஒரு மாதம் போதாது, ஓராண்டேனும் வேண்டும். மனுவும் விசாரணையும் தீர்ப்பும் தமிழில் அமைய வேண்டும்.

தேயிலைத் தொழில் நலிந்திருக்கிறது, புதுச் சட்டச் சுமையைத் தாங்காது என்று கம்பனிகள் சொல்லக்கூடும். தகுதியுள்ளவளைக் கங்காணியாக்குவதால் எந்தத் தோட்டமும் நட்டப்படாது என்பதே நம் விடை.

நம்மவர்க்கும் ஒரு சொல். உழவர்களே, நம் வயல்களிலும் தோட்டங்களிலும் ஒரே வெயிலில் நிற்கும் ஆணுக்கொரு கூலி, பெண்ணுக்கொரு கூலி கொடுக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. கம்பனிக்காரனைக் கட்டும் சட்டம் நம்மையும் கட்டும், கட்டட்டும். கற்றவர்களே, சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே, உங்களிற் பலர் லயத்து விளக்கில் படித்து உயர்ந்தவர்கள். வாரத்தில் ஒரு நாள் மலைக்குச் சென்று, மறுக்கப்பட்ட பதவியையும் வெட்டப்பட்ட பேரையும் தேதியோடு எழுதி வையுங்கள். எழுதி வைக்கப்படாத அநீதியை எந்த நீதிமன்றமும் விசாரிப்பதில்லை.

1931ஆம் ஆண்டில் கோ. நடேசய்யர் ஹட்டனில் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியபோது தோட்ட வாயில்கள் அவருக்கு அடைக்கப்பட்டிருந்தன. ஆயினும் சங்கம் உள்ளே புகுந்தது. இனிச் சட்டமும் புகவேண்டும்.