கால்கட்டு போட்டால் சரியாகிவிடுமா?



நம் வீடுகளில் எந்தக் கோளாறுக்கும் ஒரு கைமருந்து உண்டு. பையன் ஊர் சுற்றுகிறானா? "ஒரு கால்கட்டு போட்டுடு, தானா சரியாயிடும்." குடிக்கிறானா? அதற்கும் அதே கஷாயம்தான். கால்கட்டாக வந்து சேருகிற பெண் என்ன பாடு படுவாள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

வெளிநாட்டில் பாதிரியார்கள் சின்னக் குழந்தைகளிடம் முறைதவறி நடந்தார்கள் என்று பேப்பரில் செய்தி வரும்போதெல்லாம், பெண்கள் நாலு பேர் சேர்ந்த இடத்தில் இதே வைத்தியம்தான் காதில் விழுகிறது. "அவங்களையும் கல்யாணம் பண்ணிக்க விட்டிருந்தா இப்படியெல்லாம் நடக்குமா?" என்பார் ஒருவர். எல்லோரும் தலையாட்டுவார்கள். அசிங்கமான சமாசாரம், எதற்கு வளர்ப்பானேன் என்று பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

அந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதி நம்மை ஏமாற்றிவிடக் கூடியது. பிள்ளை வளர்க்கிற நாம் இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இந்த முறை இதை எழுத உட்கார்ந்தேன். ஒரு மதத்தைக் குறை சொல்வது என் எண்ணம் அல்ல. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவர்களும், மிஷன் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவர்களும் நம்மில் எத்தனை பேர்! அந்த நன்றி அப்படியே இருக்கட்டும். நடந்ததையும் பார்ப்போம்.

பாஸ்டனில் ஒரு தாய்

அமெரிக்காவில் பாஸ்டன் நகரம், ஜமைக்கா பிளெயின் என்ற பகுதி. 1970-களின் கடைசி. ஒரு தாய், தன் பிள்ளைகள் நான்கு பேரையும் உறவுக்காரப் பெண்ணின் பிள்ளைகள் நான்கு பேரையும் சேர்த்து வளர்த்துக்கொண்டிருந்தாள். எட்டுக் குழந்தைகளில் ஏழு பேர் பையன்கள். கையில் காசு கிடையாது. பக்தியுள்ள கத்தோலிக்கக் குடும்பம். இந்தச் சமயத்தில் பங்குச் சாமியார் ஜான் கேகன் வீட்டுக்கு வந்து போக ஆரம்பித்தார். பையன்களை ஐஸ்கிரீம் வாங்கித்தரக் கூட்டிப்போவார். ராத்திரியில் தூங்க வைப்பார். சாமியாரே வந்து நம் பிள்ளைகளைக் கவனிக்கிறாரே என்று அந்தத் தாய்க்குப் பூரிப்பு. யாருக்குத்தான் இருக்காது? இரண்டு வருஷத்துக்குக் கிட்ட இது நடந்தது. அந்த ஏழு பையன்களையும் அவர் கெடுத்துக்கொண்டிருந்தார்.

1980-ல் விஷயம் தெரிந்ததும் அந்தத் தாய் வேறொரு குருவானவரிடம் போய்ச் சொன்னாள். அவர் கேகனைக் கேட்டார். கேகன் மறுக்கவே இல்லை. இதை இவ்வளவு பெரிய விஷயமாகத் தான் நினைக்கவில்லை என்றார். பிறகு நடந்ததுதான் என் மனசை அறுக்கிறது. விஷயத்தை வெளியில் கொண்டுவரப் போவதாக அந்தத் தாய் சொன்னபோது, அதே குருவானவர் அவளிடம் வந்து வேண்டாம் என்று கெஞ்சினார். கேகன் எத்தனை வருஷம் படித்துக் குருவானார், இது வெளியே வந்தால் அவர் கதி என்ன என்று எடுத்துச் சொன்னார். அவர் படித்த வருஷங்களை எண்ணிப் பார்த்தார்கள். அந்த ஏழு பிள்ளைகளும் இனி வாழவேண்டிய வருஷங்களை எண்ணிப் பார்க்க ஆளில்லை.

கேகனுக்கு மருத்துவ விடுப்பு கொடுத்தார்கள். 1981-ல் வேறு பங்குக்கு அனுப்பினார்கள். 1982-ல் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி கர்தினால் மெடைரோசுக்கே கடிதம் எழுதினார். இவர் குணமானதாக நான் நம்பவில்லை, இவரை இன்னும் பங்கில் வைத்திருக்கிறீர்களே என்று கேட்டிருந்தார். படித்துப் பார்த்தால், நம் வீட்டுப் பெரியம்மா ஒருத்தி பொறுக்க முடியாமல் பேனாவை எடுத்த மாதிரி இருக்கிறது. கர்தினாலிடமிருந்து பதில் வந்தது. ரொம்ப நாசூக்கான நிலைமை என்றும், பாவங்களைக் கடவுள் மன்னிக்கிறார் என்றும் அதில் இருந்தது.

1984-ல் புதிதாக வந்தவர் பெர்னார்ட் லா. அவர் காலத்தில் கேகன் வெஸ்டன் என்ற வசதியான ஊருக்கு மாற்றப்பட்டார். அந்த டிசம்பரிலேயே ஜான் டார்சி என்ற துணை ஆயர், இவருக்குச் சிறுவர்கள் விஷயத்தில் பழைய கதை இருக்கிறது, இந்த நியமனம் சரியில்லை என்று எழுதி எச்சரித்தார். பலன் இல்லை. வெஸ்டனில் கேகனுக்குக் கொடுத்த பொறுப்பு என்ன தெரியுமா? பூசைக்கு உதவும் பீடச் சிறுவர்களைக் கவனிக்கும் பொறுப்பு! 1993 வரை அவர் பங்குப் பணியில் இருந்தார்.

கோர்ட்டில் முடக்கி வைக்கப்பட்டிருந்த காகிதங்களை வெளியிடும்படி 2001-ல் உத்தரவு போட்டவர் கான்ஸ்டன்ஸ் ஸ்வீனி என்ற பெண் நீதிபதி. 2002 ஜனவரி 6-ம் தேதி 'பாஸ்டன் குளோப்' பத்திரிகை எல்லாவற்றையும் முதல் பக்கத்தில் போட்டது. அதற்குள் 130 பேருக்கு மேல் கேகனால் கெடுக்கப்பட்டதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் அப்போது நாலு வயசுக் குழந்தை. கேகனுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. 2003-ல் சிறையிலேயே இன்னொரு கைதியால் கொல்லப்பட்டார். 2002 டிசம்பரில் கர்தினால் லா பதவி விலகினார். 2003-ல் பாஸ்டன் மறைமாவட்டம், பல குருக்களால் பாதிக்கப்பட்ட 552 பேருக்கு எட்டரைக் கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. லாவுக்கோ 2004-ல் ரோமாபுரியில் பெரிய பேராலயம் ஒன்றின் பொறுப்பு கிடைத்தது.

இது ஒரே ஒரு கெட்ட சாமியாரின் கதை இல்லை. அமெரிக்க ஆயர்களே கேட்டுக்கொண்டு ஜான் ஜே கல்லூரி நடத்திய ஆய்வு 2004-ல் வந்தது. 1950 முதல் 2002 வரை 4,392 குருக்கள் மேல் புகார் இருந்தது. அந்தக் காலத்தில் பணி செய்தவர்களில் நூற்றுக்கு நாலு பேர். புகார் சொன்னவர்கள் 10,667 பேர்.

ராயப்பருக்கு மாமியார் உண்டு

இப்போது கல்யாணப் பேச்சுக்கு வருவோம். இயேசுவின் முதல் சீடர் பேதுரு, அதாவது ராயப்பர். அவருடைய மாமியார் காய்ச்சலில் படுத்திருந்தபோது இயேசு குணப்படுத்தினார் என்று பைபிளிலேயே இருக்கிறது. மாமியார் இருந்தால் மனைவியும் இருந்திருக்க வேண்டும் அல்லவா! ஆரம்ப நூற்றாண்டுகளில் மணமான குருக்கள் நிறையப் பேர் இருந்தார்கள். துறவுதான் மேல் என்ற எண்ணமும், கோயில் சொத்து குருவின் பிள்ளைகளுக்குப் போய்விடக் கூடாதே என்ற கவலையும் வளர்ந்து, 1139-ல் கூடிய இரண்டாம் லாத்தரன் பொதுச்சங்கம் குருக்களின் திருமணம் செல்லாது என்றே சொல்லிவிட்டது.

இன்றைக்கும் இது எல்லாக் கத்தோலிக்கர்களுக்கும் ஒரே மாதிரி இல்லை. உக்ரேனிய கிரேக்கக் கத்தோலிக்கர்களிலும் லெபனானின் மரோனைட்டுகளிலும் மணமானவர் குருவாகலாம். ஆக இது சபை போட்ட சட்டம். சபை நினைத்தால் மாற்றக்கூடியது. அமேசான் காடுகளில் குருக்கள் போதவில்லை, அங்கேயாவது மணமானவர்களை அனுமதிக்கலாம் என்று 2019-ல் ரோமில் கூடிய ஆயர்கள் மாநாடு கேட்டது. 2020-ல் போப் பிரான்சிஸ் எழுதிய பதிலில் அதற்குச் சம்மதம் வரவில்லை.

பாதி நியாயம்

பிரம்மச்சரியம் இருப்பவன் குழந்தையைத் தொடுவான் என்பது அபாண்டம். ஆசையை அடக்கினால் அது குழந்தைகள் பக்கம் திரும்பும் என்பதும் சரியில்லை. பெரியவர்கள் மேல் ஆசை வேறு, குழந்தையை இரையாக்குவது வேறு.

அப்படியானால் நியாயம் எங்கே? முன்னாள் துறவியும் மனநல ஆலோசகருமான ரிச்சர்ட் சைப் என்பவர் பல வருஷங்கள் குருக்களின் மனசைக் கேட்டுப் பார்த்தவர். அவர் சொன்னது எனக்குச் சட்டென்று விளங்கியது. வார்த்தைப்பாடு கொடுத்தவர்களில் பலரால் அதைக் காப்பாற்ற முடிவதில்லை. வயது வந்த ஒரு பெண்ணோடு ரகசியத் தொடர்பு இருக்கிறவர், குழந்தையைக் கெடுக்கிற இன்னொருவரைக் காட்டிக்கொடுப்பாரா? "உன் விஷயத்தை நான் சொல்லட்டுமா?" என்று அவர் திருப்பிக் கேட்டால்? எல்லோர் மடியிலும் கொஞ்சம் கனம் இருக்கும்போது யாரும் வாய் திறப்பதில்லை. மறைப்பது அங்கே பழக்கமாகிப் போகிறது.

ஆஸ்திரேலியாவில் அரசு அமைத்த ராயல் கமிஷன் ஐந்து வருஷம் விசாரித்து 2017 டிசம்பரில் இறுதி அறிக்கை கொடுத்தது. பிரம்மச்சரியம் நேரடிக் காரணம் அல்ல. ஆனால் கட்டாயமாக்கியது மற்றக் காரணங்களோடு சேர்ந்து ஆபத்தைக் கூட்டியிருக்கிறது என்றது. பங்குக் குருக்களுக்கு அதை விருப்பம்போல் ஆக்க வாடிகனைக் கேளுங்கள் என்று ஆயர்களுக்குப் பரிந்துரைத்தது.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். கேகன் விஷயத்தில் முடிவெடுத்தவர்கள் எல்லோருமே ஆண்கள். பிள்ளை குட்டி இல்லாதவர்கள். ராத்திரி அலறி எழுந்த குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தவர் அந்த மேஜையைச் சுற்றி ஒருவரும் கிடையாது. அப்படிப்பட்டவர் கடிதம்தான் எழுத முடிந்தது.

மீதிப் பாதி

சரி, எல்லோருக்கும் கல்யாணம் செய்து வைத்துவிட்டால்? அமெரிக்காவிலேயே சதர்ன் பாப்டிஸ்ட் சபை இருக்கிறது. அங்கே போதகர்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருப்பவர்கள். 2022-ல் அந்தச் சபைக்குள் நடந்த விசாரணையில் என்ன தெரிந்தது? தப்பு செய்ததாகச் சொல்லப்பட்டவர்கள் 703 பேரின் பட்டியலைத் தலைமை அலுவலகத்தில் வருஷக்கணக்காகத் தயாரித்து வைத்துக்கொண்டு, வெளியில் மூச்சு விடாமல் இருந்திருக்கிறார்கள். மனைவி இருந்தாள், பிள்ளைகள் இருந்தார்கள், மூடிமறைப்பதும் இருந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் நாட்டில் குழந்தைகளிடம் தப்பாக நடப்பவர்கள் பெரும்பாலும் குழந்தைக்குத் தெரிந்தவர்களே. உறவினர், அக்கம்பக்கத்தார், பாடம் சொல்லித் தருகிறவர். அவர்களில் கல்யாணமானவர்களுக்குக் குறைவில்லை. கால்கட்டு அங்கே எதைத் தடுத்தது?

ஆகவே குழந்தையைத் தொட்டவனுக்குத் துணை நின்றது எது என்று கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: குழந்தையைவிட நிறுவனத்தின் பெயர் பெரிதாகப் போனது. பிரம்மச்சரியச் சட்டத்தைத் தளர்த்தினால் ஒரு ரகசியம் குறையும். பெயரைக் காப்பாற்றும் பழக்கம் போகாத வரை குழந்தைக்குப் பாதுகாப்பு வராது. இதை வாடிகனும் தாமதமாகவாவது உணர்ந்தது போலிருக்கிறது. 2019-ல் குருக்களும் கன்னியாஸ்திரிகளும் இத்தகைய புகார்களைச் சபை மேலிடத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று விதி வந்தது. அதே வருஷக் கடைசியில், இந்த வழக்குகளுக்கு இருந்த 'போப்பின் ரகசியக் காப்பு' நீக்கப்பட்டது.

நம் ஊரையும் இது தொட்டிருக்கிறது. ஊட்டி மறைமாவட்டத்தைச் சேர்ந்த குருவானவர் ஒருவர், அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் பணி செய்தபோது பதின்வயதுப் பெண்ணிடம் தவறாக நடந்தார். பிறகு இங்கிருந்து அங்கே அனுப்பப்பட்டு, 2015-ல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை முடிந்து திரும்பியவர் மேலிருந்த தடையை 2016-ல் மறைமாவட்டம் விலக்கிவிட்டது.

நாம் செய்யக்கூடியது

பாஸ்டன் தாயிடம் சொன்ன வார்த்தைகளை நாமும் கேட்டிருக்கிறோம். "வெளியில தெரிஞ்சா குடும்ப மானம் போயிடும்." "பொண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம் ஆகணும்." "பெரியவர், அவர் பேரைக் கெடுக்காதே." சொல்கிறவர் மாமனாராக இருக்கலாம், தலைமையாசிரியராக இருக்கலாம், நம் அம்மாவாகவே இருக்கலாம்.

குழந்தை இப்படி ஒன்று சொன்னால் முதலில் நம்புங்கள். "நிஜமாத்தான் சொல்றியா?" என்று குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். "நீ அங்கே ஏன் போனே?" என்று கேட்கவே கேட்காதீர்கள். "நீ சொன்னது ரொம்ப நல்லது கண்ணு, உன் மேல ஒரு தப்பும் இல்லே" என்று சொல்லி மடியில் உட்கார்த்திக்கொள்ளுங்கள். அது சொன்னதை அதன் வார்த்தையிலேயே, தேதி போட்டுக் குறித்து வையுங்கள். ஆறுதலாகப் பேசும் டாக்டரிடம் காட்டுங்கள். ஏழு வயசுப் பையன் என்றாலும் இதே கவனம் வேண்டும். "ஆம்பளைப் பையனுக்கு என்ன ஆகிவிடும்" என்று இருக்காதீர்கள். கேகனிடம் சிக்கியவர்கள் பெரும்பாலும் பையன்கள்தான்.

அடுத்தது போலீஸ். நம் நாட்டில் 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி, தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். பள்ளி, விடுதி போன்ற நிறுவனத்தின் பொறுப்பாளர் தமக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்ததை மறைத்தால் ஒரு வருஷம் வரை ஜெயில் உண்டு. உள்ளுக்குள்ளேயே விசாரித்து முடித்துக்கொள்கிறோம் என்று அவர்கள் சொன்னால், சரி என்று திரும்பி வந்துவிடாதீர்கள். குழந்தையை ஸ்டேஷனுக்கு இழுத்துப்போக வேண்டியதில்லை. அதன் வீட்டிலேயே, சீருடை அணியாத அதிகாரி, கூடியவரை பெண் அதிகாரி, வந்து கேட்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. பத்திரிகைகள் குழந்தையின் பெயரைப் போடக் கூடாது.

யாரிடம் ஆரம்பிப்பது என்று கை நடுங்கினால் 1098-க்குப் போன் செய்யுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண், காசு கிடையாது. சமையலறைச் சுவரில், பால் கணக்கு எழுதுகிற காலண்டர் பக்கத்திலேயே இந்த எண்ணை எழுதி வைத்துவிடுங்கள். எழுதும்போது பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்தி, எதற்கான நம்பர் என்று சொல்லிக்கொடுங்கள்.