மாடிப்படியில் நிற்கும் முதுமை

சென்னை அசோக் நகரில் லிப்ட் இல்லாத பழைய அடுக்குமாடிகள் இன்னும் பல உண்டு. மூன்றாம் தளத்தில் இருக்கும் எழுபத்தைந்து வயதுப் பாட்டிக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள், சர்க்கரையும் கட்டுக்குள். ஆனால் முழங்கால் வலியால் படி இறங்கியே பல வாரமாகிறது. அவர் நலமாக இருக்கிறார் என்று எழுதிவிட முடியுமா?

2011 கணக்கெடுப்பிலேயே தமிழக மக்களில் அறுபதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம், நாடு முழுவதற்குமான அளவு 8.6. 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையையும் இயன்முறை சிகிச்சையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. பெரிய காரியம்தான். ஆனால் வாசலுக்கு வருகிறவர் ரத்த அழுத்தத்தைப் பார்க்கிறார். தனிமையை யார் பார்ப்பது?

அதற்கும் அளவுகோல் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் முதியோருக்கென்றே 24 கேள்விகள் வகுத்திருக்கிறது. கண், காது எப்படி என்பதோடு, சொந்த முடிவை நீங்களே எடுக்கிறீர்களா, மரணத்தை எண்ணி அஞ்சுகிறீர்களா, அன்பு காட்ட ஆள் உண்டா என்றும் அவை கேட்கின்றன. ஒன்று முக்கியம்: பதிலை முதியவரே சொல்ல வேண்டும். நம் வீடுகளில் மகனோ மருமகளோ முந்திக்கொண்டு, “அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை” என்பார்கள். பாசத்தில் சொல்வதுதான்; ஆனால் அது அம்மாவின் பதில் அல்ல.

வீடு தேடி வரும் ஊழியர்களின் படிவத்தில், ஆண்டுக்கு ஒரு முறையாவது இக்கேள்விகளை மாநகராட்சி சேர்க்க வேண்டும். கேட்கவும், காத்திருந்து பதில் வாங்கவும் அவர்களுக்கு நேரமும் ஊதியமும் தர வேண்டும்.