கோடையிலும் நுளம்பு பெருகும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த கிழமை எங்கள் பகுதி உள்ளூராட்சிச் சபை நடத்திய பொதுமக்கள் கூட்டத்தில் பொறுப்பதிகாரி ஒருவர் சொன்ன பதிலைக் கேட்ட நேரத்திலிருந்து என் ஆத்திரம் அடங்கவில்லை. ஆளில்லாக் காணிகளில் மூடியின்றிக் கிடக்கும் பாழ்கிணறுகளைப் பற்றியும், பாதியில் நின்றுபோன அரச கட்டடம் ஒன்றின் மேல் திறந்தபடி இருக்கும் நீர்த்தாங்கியைப் பற்றியும் எழுந்து கேட்டேன். "இப்ப கோடை ஐயா. மழை தொடங்கட்டும், நுளம்புக்கு ஆக்களை விடுவம்" என்றார். நான் விடாமல் கேட்டதும், "காலநிலையே மாறிப்போச்சு, அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?" என்று சொல்லிக் கோப்பை மூடி வைத்தார். முன்வரிசையில் இருந்த சிலர் சிரித்தார்கள்.

காலநிலை மாறிவிட்டது என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. அப்படியானால் நுளம்பு ஒழிப்பு வேலையை மட்டும் ஏன் பழைய மாரிக் கணக்கில் நடத்துகிறார்?

நான் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். அந்தப் பாழ்கிணறுகளில் ஒன்றில் வாளி விட்டு அள்ளிப் பார்த்துவிட்டுத்தான் கூட்டத்துக்குப் போனேன். வாளியில் வந்த குடம்பிகள் டெங்கு நுளம்பின் குடம்பிகளைப்போலத் தலைகீழாகத் தொங்கவில்லை. நீர்மட்டத்துக்குச் சமாந்தரமாகப் படுத்துக் கிடந்தன. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பின் குடம்பிக்கு மூச்சுக்குழல் இல்லாததால் அப்படித்தான் கிடக்கும். எந்த இனம் என்பதை நுணுக்குக்காட்டி வைத்துப் பூச்சியியல் ஆட்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் பார்க்க வரக்கூட மாட்டோம் என்றால் எப்படி?

இலங்கை மலேரியா அற்றது என்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் தந்தது. அதே ஆண்டு டிசெம்பரில் மன்னார்க் கிணறுகளில் அனோபிலிஸ் ஸ்டீபென்சி கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். இந்தியப் பெருநகரங்களில் மலேரியாவைப் பரப்பும் நுளம்பு இது. இதற்கு மழைக் குட்டையும் வயலும் தேவையில்லை. கிணறும் தொட்டியும் கூரைத் தாங்கியும் போதும். கோடையில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு வந்து, பவுசர் வரும்போது சனங்கள் பீப்பாய் பீப்பாயாக நிரப்பி வைக்கிறார்களே, அதுவும் போதும். வறட்சி நீளநீள இந்த நுளம்புக்கு நாங்களே வீடு கட்டிக் கொடுக்கிறோம். இதைத் தெரியாத ஒருவர் எங்கள் ஊரின் சுகாதாரத்துக்குப் பொறுப்பாக இருக்கிறார்.

மழை இல்லாவிட்டால் மலேரியா இல்லை என்று இந்த நாட்டில் யாரும் சொல்லவே கூடாது. 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. எப்போதும் ஓடிக்கொண்டிருந்த மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் வற்றி, ஆற்றுமணலில் குட்டைகளாகத் தேங்கின. அந்தத் தெளிந்த குட்டைகளில் அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் பெருகிற்று. குருநாகலும் கேகாலையும் வாடி விழுந்தன. அந்தக் கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் செத்தார்கள். அவர்களைக் கொன்ற மலேரியா பெருமழையோடு வரவில்லை, வறட்சியோடு வந்தது. மறுபக்கம், 2022இல் பாகிஸ்தானைப் பெருவெள்ளம் மூழ்கடித்தபோது அங்கே மலேரியா பல மடங்காகப் பெருகியதையும் பார்த்தோம். மழை கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. ஆகவே மழையைப் பார்த்து வேலை செய்வது வேலையே அல்ல.

வெக்கையின் கணக்கு தனி. மலேரியா ஒட்டுண்ணி நுளம்பின் உடலுக்குள் முதிர்ந்த பிறகுதான் அடுத்தவரைத் தொற்றும். 20 பாகை செல்சியஸில் அதற்கு இரண்டு கிழமைக்கு மேல் பிடிக்கும். 27, 28 பாகையில் பத்து நாள் அளவில் முடிந்துவிடும். ஒரு நுளம்பின் ஆயுளே சில கிழமைகள்தான் என்பதால் அந்தச் சில நாள்களே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. "வெயில் கூடினால் நுளம்பு தானே சாகும்" என்று கூட்டத்தில் இன்னொருவர் சொன்னார். 35 பாகைக்கு மேல் போகும் வெக்கை நுளம்பின் ஆயுளைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் இருட்டும் குளிருமான கிணற்றுக்குள் அந்த வெக்கை இறங்குவதில்லை.

கடல்நீர் ஏறி எங்கள் கரையோரக் கிணறுகள் உவர்த்து வருவதையும் சேர்த்து எண்ணுங்கள். உவர்நீரில் நுளம்பு வளராது என்ற பழைய நம்பிக்கையை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்களே உடைத்துவிட்டார்கள். டெங்கு பரப்பும் நுளம்புகள் உவர்நீரிலும் வளர்வதைக் காட்டினார்கள். இவ்வளவும் எங்கள் மண்ணில் நடந்த ஆய்வு. எங்கள் சபைக் கட்டடத்துக்குள் மட்டும் அது நுழையவில்லை.

"நாட்டில் மலேரியாவே இல்லையே" என்று சமாதானம் சொல்வார்கள். 1963இலும் அப்படித்தான் இருந்தது; அந்த ஆண்டு முழு இலங்கையிலும் 17 பேருக்குத்தான் மலேரியா. கண்காணிப்புத் தளர்ந்தது. 1969இல் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் காய்ச்சலில் கிடந்தார்கள். இன்று பலாலிக்கு விமானமும் காங்கேசன்துறைக்குக் கப்பலும் வருகின்றன. வரட்டும், வரத்தான் வேண்டும். பயணிகளில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் ஒட்டுண்ணி எப்போதாவது ஒருவர் உடலில் வந்தே தீரும். அந்த நாளில் அதைக் காவிச்செல்ல எங்கள் கிணறுகளில் நுளம்பு காத்திருக்கக் கூடாது. எங்களால் தடுக்கக்கூடியது அதுதான்.

காசில்லை என்பது அடுத்த சாட்டு. கிணற்றுக்கு வலை போடவும், குடம்பி தின்னும் கப்பி மீன்களை விடவும் எத்தனை இலட்சம் வேண்டும்? "சனங்கள் ஒத்துழைக்கிறதில்லை" என்பது அதற்கடுத்தது. போன மாரியில் எங்கள் ஒழுங்கையில் தனியாக இருக்கும் ஒரு வயோதிப அம்மாவின் வளவில் இரண்டு சிரட்டையில் தண்ணீர் நின்றதென்று வழக்குப் போட்டு, நீதிமன்றத்துக்கு அலையவிட்டுத் தண்டம் கட்ட வைத்தார்கள். அந்த அம்மா தண்டத்தைக் கட்டினார். அவரது வேலிக்கு அப்பால்தான் அந்த அரச கட்டடம் நிற்கிறது. அதன் தாங்கி இன்றைக்கும் திறந்துதான் கிடக்கிறது. அதற்கு யார்மீது வழக்கு? ஏழையின் சிரட்டையைக் கண்ட கண்ணுக்கு அரசாங்கத்தின் தாங்கி தெரியவில்லை என்றால், இங்கே ஒத்துழைக்காதவர்கள் சனங்கள் அல்ல.

வெய்யிலில் வீடு வீடாக அலையும் களப் பணியாளர்களை நான் குறை சொல்லவில்லை. மாரி முடிந்ததும் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த மாரியில் தேடிப் பிடிக்கிற நிர்வாகத்தைத்தான் சொல்கிறேன். அவர்களுக்கு ஆண்டு முழுவதும் வேலை கொடுங்கள். பாழ்கிணறுகளைப் பதிந்து, உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் சபையே வலை போட்டுச் செலவை அறவிடட்டும்.

மாகாணச் சுகாதாரத் துறையினரும் மலேரியாத் தடை இயக்கத்தினரும் இக்கடிதத்தை வாசிப்பார்கள் என்று நம்புகிறேன். மழைக்காகக் காத்திருக்க வேண்டாம். அந்தக் கிணறுகளில் குடம்பி இப்போதே இருக்கிறது. இந்தக் கிழமையே ஆட்களை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுநிலை விஞ்ஞான ஆசிரியர்,
வடமாகாணம்