தூரத்திற்கு வாடகை தரலாம், இருட்டிற்குத் தரலாமா?

இமயமலை யாத்திரை போய் வந்தவர்களை விசாரித்தால் முதலில் சுவாமி தரிசனத்தைப் பற்றிச் சொல்வார்கள். அடுத்தபடியாகக் குளிரைப் பற்றிச் சொல்வார்கள். மூன்றாவதாகத் தவறாமல் வருவது அறை வாடகைப் பேச்சு. ஒரே கட்டடத்தில், பக்கத்துப் பக்கத்து அறைகளில் தங்கிய இரண்டு குடும்பங்கள் இரண்டு விதமான வாடகை கொடுத்திருக்கும். காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. வானம் வெளுத்திருந்தால் ஒன்று, மழை பிடித்துக்கொண்டால் இன்னொன்று. டெலிபோனில் பேசிய தொகை ஒன்று, வாசலில் போய் நின்றதும் கேட்கும் தொகை வேறொன்று.

"பகற்கொள்ளை" என்று ஒரே வார்த்தையில் இதைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் விடுதிக்காரரைக் கேட்டால் அவரும் ஒரு கணக்குச் சொல்வார். அந்தக் கணக்கிலும் நியாயம் இருக்கிறது. எதுவரை நியாயம், எங்கே அது அநியாயமாக மாறுகிறது என்பதே ஆராய வேண்டிய விஷயம். இதற்குக் கேதார்நாத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

தமிழர்களுக்குக் கேதாரம் அந்நிய ஸ்தலமல்ல. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் அது. இருவரும் காளத்தியில் இருந்தபடியே அதைப் பாடினார்கள் என்று பெரிய புராணம் சொல்கிறது. ஆகையால் அறை வாடகைத் தொல்லை அவர்களுக்கு இல்லை. நேரில் போகிற நமக்குத்தான் இருக்கிறது.

ஆறு மாத வியாபாரம்

கேதார்நாத் கோயில் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 11,700 அடி உயரத்தில் இருக்கிறது. மோட்டார் வண்டி கௌரிகுண்டத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் சுமார் 16 கிலோ மீட்டர், அதாவது பத்து மைல், செங்குத்தான மலைப் பாதை. 2013 ஜூன் மாத வெள்ளத்துக்கு முன் இது 14 கிலோ மீட்டராக இருந்தது. அந்த வெள்ளத்தில் நடுவழித் தங்கலாக இருந்த ராம்பாடா என்ற இடமே அடித்துக்கொண்டு போய்விட்டது. பிறகு பாதையை மாற்றிப் போட்டார்கள், தூரம் கூடிற்று.

கோயில் திறந்திருப்பது அட்சய திரிதியையை ஒட்டித் தொடங்கி, தீபாவளிக்கு அடுத்த பாய் தூஜ் நாள் வரையில் சுமார் ஆறு மாதம். குளிர் காலத்தில் உற்சவ மூர்த்தி உகீமடத்துக்கு எழுந்தருளிவிடுவார். அந்த ஆறு மாதத்திலும் மழைக் காலத்தில் கூட்டம் குறைந்துவிடுகிறது. விடுதிக்காரருக்கு உண்மையான வியாபாரம் மே, ஜூன் மாதங்களும், பிறகு மழை விட்ட சில வாரங்களும்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து அறை உள்ள ஒரு விடுதிக்கு வருஷச் செலவு 6 லட்ச ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சமவெளியில் வருஷத்தில் 300 நாள் அறைகள் நிரம்பினால், அறைக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் வந்தால் செலவு கட்டிவிடும். மலையில் நிரம்புவது 100 நாள் என்றால் அதே அறைக்கு 600 ரூபாய் வந்தாக வேண்டும். இதில் லாபம் சேரவில்லை. அரிசியும், எரிவாயு உருளையும், சிமெண்டு மூட்டையும் கோவேறு கழுதை முதுகில் ஏறி வருகிற கூலியும் சேரவில்லை. எனவே மலையில் வாடகை மும்மடங்கு என்றால் அதுவே அநியாயம் ஆகிவிடாது. தூரத்துக்கும் உயரத்துக்கும் ஒரு விலை உண்டு. அதைக் கொடுக்க யாத்ரிகன் கடமைப்பட்டவன்.

இருட்டின் விலை

ஆனால் மாலை நாலு மணிக்கு ஒரு தொகை சொன்ன அறைக்கு, இரவு எட்டு மணிக்கு அதைப் போல் இரண்டு மடங்கு கேட்கிறார்களே, அந்த நாலு மணி நேரத்தில் விடுதிக்காரருக்கு என்ன செலவு கூடிற்று? அரிசி விலை ஏறவில்லை. கழுதைக் கூலியும் ஏறவில்லை. ஏறியது வாசலில் நிற்பவருடைய களைப்பு ஒன்றுதான். பத்து மைல் ஏறி வந்த அறுபது வயது அம்மாளுக்கு, அந்தக் குளிரில், "வேண்டாம், அடுத்த ஊரில் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லித் திரும்ப முடியாது. அடுத்த ஊர் பத்து மைல் கீழே இருக்கிறது.

பேரம் என்பது இருவரும் எழுந்து போக முடிகிற இடத்தில்தான் பேரம். ஒருவர் எழுந்து போக முடியாத இடத்தில் அதற்கு வேறு பெயர் உண்டு. நகரத்தில் ஒரு விடுதி அதிகம் கேட்டால் எதிர் வரிசையில் நாலு விடுதி இருக்கும்; போட்டியே விலையைக் கட்டுப்படுத்திவிடும். மலை உச்சியில் அந்தப் போட்டி சூரியன் அஸ்தமித்ததும் செத்துப்போகிறது. தூரத்துக்கு வாடகை கேட்பது வியாபாரம். இருட்டுக்கு வாடகை கேட்பது, பிறர் கஷ்டத்தை விலை பேசுவது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கேதார்நாத் பாதையில் மட்டக் குதிரைக்கும் கோவேறு கழுதைக்கும் கட்டணத்தை அதிகாரிகள் நிர்ணயிக்கிறார்கள். ஹெலிகாப்டர் கட்டணமும் நிர்ணயிக்கப்பட்டது. 2023 முதல் ரயில்வேயின் ஐ.ஆர்.சி.டி.சி. மூலமாகத்தான் டிக்கெட் விற்கிறார்கள். மாநில சர்க்காரின் கட்வால் மண்டல் விகாஸ் நிகாம் நடத்தும் விடுதிகளிலும் கட்டணம் முன்கூட்டியே தெரியும். ஏறுவதற்கு ஆகும் செலவை வீட்டிலிருந்தே கணக்கிட்டுவிடலாம். ஏறிய பிறகு தனியார் விடுதியில் படுப்பதற்கு ஆகும் செலவைத்தான் கணக்கிட முடிவதில்லை.

பழைய 'சட்டி' முறை

மோட்டார் வராத காலத்தில் யாத்ரிகர்கள் எப்படித் தங்கினார்கள்? ரிஷிகேசத்திலிருந்து கால்நடையாகப் போகும் பாதையில் சில மைல்களுக்கு ஒன்றாகக் கூரை போட்ட தங்குமிடங்கள் இருந்தன. அவற்றுக்குச் 'சட்டி' என்று பெயர். நம் ஊர்ச் சமையல் சட்டிக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் சமைக்கப் பாத்திரமும் அங்கே இரவலாகக் கிடைக்கும். சட்டிக்காரர் ஒரு கடைக்காரர். கோதுமை மாவு, அரிசி, பருப்பு, நெய் ஆகியவற்றை அவரிடம் வாங்கினால் போதும். படுக்கை இடத்துக்கு வாடகை கிடையாது. லாபத்தை அவர் சாமானில் எடுத்துக்கொண்டார்.

நேபாளத்தில் எவரெஸ்ட் சிகரத்துக்குப் போகும் பாதையிலுள்ள விடுதிகளில் இன்றும் இதே போன்ற ஏற்பாட்டைக் காணலாம். அறை வாடகை குறைவு. ஆனால் சாப்பாட்டை அங்கேதான் சாப்பிட வேண்டும். உயரம் ஏற ஏறச் சாப்பாட்டு விலை ஏறும். வெளியே சாப்பிட்டால் அறை வாடகையைக் கூட்டிவிடுவார்கள். விலை அதிகம் என்று குறைப்படலாம். முறை தெரியவில்லை என்று யாரும் குறைப்பட முடியாது.

சட்டிகளோடு தர்ம ஸ்தாபனங்களும் இருந்தன. ரிஷிகேசத்துக் காலி கம்ளி வாலா ஸ்தாபனம் பத்ரி, கேதார் பாதை நெடுகத் தர்மசாலைகள் கட்டியது. நம் பக்கத்திலும் இது புதிதல்ல. ராணி மங்கம்மாள் சாலையோரம் கட்டிய சத்திரங்களும், ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரமும், காசியில் நகரத்தார் சத்திரமும் இந்த மரபில் வந்தவை. சத்திரத்தால் ஏழைக்கு இடம் கிடைத்தது என்பதை எல்லோரும் அறிவார்கள். பணம் உள்ளவனுக்கும் அதனால் லாபம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பக்கத்தில் ஒரு சத்திரம் திறந்திருக்கும்வரை ஓட்டல்காரர் மனம்போனபடி வாடகை கேட்க முடியாது.

1962 சீனப் போருக்குப் பிறகு எல்லைப் பக்கத்துச் சாலைகள் துரிதமாகப் போடப்பட்டன. கால்நடைப் பாதை ஓய்ந்தது, சட்டிகள் மறைந்தன. கூட்டமோ பல மடங்கு பெருகிற்று. 2023-ல் கேதார்நாத்துக்கு மட்டும் 19 லட்சத்துக்கும் அதிகமான பேர் போனார்கள். தர்மசாலைகளும் சர்க்கார் விடுதிகளும் அதே வேகத்தில் பெருகவில்லை.

கைபேசியில் வரும் மோசம்

இப்போது எல்லாம் கைபேசியில் முன்பதிவு செய்துவிடலாமே என்பார்கள். முன்பதிவு ஓரளவு கை கொடுக்கிறது; சந்தேகமில்லை. ஆனால் அதிலும் இரண்டு ஓட்டைகள் உண்டு. விடுமுறைக் கூட்டம் திரண்டுவிட்டால், முன்பு குறைந்த வாடகைக்கு ஒப்புக்கொண்ட விடுதிக்காரர், "உங்கள் பதிவு எங்களுக்கு வரவில்லை" என்று கையை விரித்துவிடுவது ஒன்று. விடுதியே இல்லாமல் விளம்பரம் மட்டும் இருப்பது மற்றொன்று. 2025 ஏப்ரலில் மத்திய உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்றத் தடுப்பு மையம், கேதார்நாத் ஹெலிகாப்டர் டிக்கெட், சார்தாம் விடுதி அறை ஆகியவற்றின் பெயரால் போலி விளம்பரங்கள் நடமாடுவதாகப் பகிரங்கமாக எச்சரித்தது. பணத்தை அனுப்பியவர் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் உண்மை தெரியும். அப்போது அவர் இருட்டின் விலையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியவராகிறார்.

விடுதிக்காரர் பக்கமும் நஷ்டம் உண்டு. 2024 ஜூலை 31 இரவு பெய்த பெருமழையில் கேதார்நாத் பாதை பல இடங்களில் உடைந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மீட்டுக் கீழே கொண்டுவர நேர்ந்தது. இப்படி ஒரு பருவம் பாதியில் அறுந்தால், கடன் வாங்கி விடுதி நடத்துபவர் என்ன செய்வார்? அடுத்த பருவத்தில் அகப்பட்டவரிடம் அதை ஈடு கட்டப் பார்க்கிறார். விலை நிலையில்லாமல் ஆடுவதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

என்ன செய்யலாம்?

உச்சவரம்பு கட்டிவிட்டால் போதும் என்பது சிலர் அபிப்பிராயம். வரம்பை மிகத் தாழ்த்தி வைத்தால் "அறை காலி இல்லை" என்ற பலகை தொங்கும். பின்வாசலில் அதே அறை அதிக விலைக்குப் போகும். பில்லும் கிடைக்காது. பழைய ரேஷன் காலம் கண்ட அனுபவம் இது.

அதைவிட எளிய வழி ஒன்று 1867-ஆம் வருஷத்துச் சராய் சட்டத்திலேயே இருக்கிறது. சத்திரம் நடத்துபவர் தம் கட்டணப் பட்டியலை, மாஜிஸ்திரேட் குறிப்பிடும் இடத்தில், அவர் குறிப்பிடும் பாஷைகளில் எல்லோரும் பார்க்கும்படி மாட்டி வைக்க வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. வெள்ளைக்காரன் காலத்திலேயே தோன்றிய யோசனை இது. இன்று ஒரு சோப்புக் கட்டியில் விலை அச்சிட்டிருக்கிறது. அதைப் போல் ஆயிரம் மடங்கு விலையுள்ள ஒரு ராத்தங்கலுக்கு அச்சிட்ட விலை வேண்டாமா?

அமர்நாத் யாத்திரையில் முகாம்வாரியாகக் கூடாரக் கட்டணத்தை நிர்ணயித்து வெளியிடுகிறார்கள். அன்னதானக் கூடங்களும் பாதை நெடுக நடக்கின்றன. அதை அப்படியே கேதாரத்தில் செய்ய முடியாவிட்டாலும், பருவம் தொடங்குமுன் ஒவ்வொரு விடுதிக்காரரும் தம் அதிகபட்ச வாடகையைத் தாமே எழுதிக் கொடுக்கலாம். கூட்டமான வாரத்துக்கு ஒன்று, மழை வாரத்துக்கு ஒன்று என்று இருக்கட்டும். அதற்குக் குறைத்துக் கொடுக்கலாம், கூட்டக் கூடாது. யாத்ரிகர்கள் பதிவு செய்துகொள்வது ஏற்கெனவே கட்டாயம். அந்தப் பதிவோடு இந்த வாடகைப் பட்டியலையும் கொடுத்துவிட்டால், சோன்பிரயாகையைத் தாண்டுமுன்பே அவர் தம் கையிருப்பை எண்ணிப் பார்த்துக்கொள்வார்.

தலைக்கணக்கோடு படுக்கைக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இது இனி அதிக அவசரமாகும். சோன்பிரயாகையிலிருந்து கேதாரத்துக்கு 12.9 கிலோ மீட்டர் தூரக் கம்பிவழி வண்டிக்கு 2025 மார்ச்சில் மத்திய மந்திரி சபை அனுமதி அளித்தது. நாளொன்றுக்கு 18,000 பேர் வரை ஏற்றலாம். பயணம் 36 நிமிஷம் என்பது திட்டம். காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடலாம் என்பதால் தங்குகிறவர்கள் குறையலாம். ஆனால் மாலையில் பனிக்காற்று வீசி வண்டி நின்றுபோகிற ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். அத்தனை பேரும் ஒரே ராத்திரியில் படுக்க இடம் தேடுவார்கள். அன்று விலையை யார் நிர்ணயிப்பார்கள்? கம்பம் நடுமுன்பே இதற்கு விடை வேண்டும்.

யாத்ரிகர்கள் கவனிக்க

சர்க்கார் செய்வதைச் செய்யட்டும். நாமும் சில காரியங்களில் ஜாக்கிரதையாக இருக்கலாம். முதலாவது, பொழுது இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும். கௌரிகுண்டத்தில் மத்தியானம் ஆகிவிட்டால் அன்று ஏறாமல் இருப்பதே நல்லது. இரண்டாவது, வாடகை கேட்கும்போது வெந்நீர், கூடுதல் கம்பளி, சாப்பாடு எல்லாம் சேர்த்தா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு வாளி வெந்நீருக்குத் தனிக் காசு கேட்கும் இடங்கள் உண்டு. மூன்றாவது, பில் கேட்டு வாங்க வேண்டும். நாளுக்கு 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், அதற்கு மேல் வரி என்று சொன்னால் விளக்கம் கேட்கலாம். பணமோசடியானால் 1930, நுகர்வோர் புகாரானால் 1915 என்ற எண்கள் இருக்கின்றன. ஹிந்தி தெரியாதவர்கள் கூட்டமாகப் போகும்போது, பேசிய தொகையை ஒரு காகிதத்தில் எண்ணால் எழுதி இரு தரப்பும் பார்த்துவிடுவது நல்லது. எண்ணுக்குப் பாஷை கிடையாது.

மலைவாசிகள் நமக்கு விரோதிகள் அல்லர். 2013 வெள்ளத்தில் அவர்கள் பறிகொடுத்தது அதிகம். ஆறு மாதத்தில் ஒரு வருஷத்து அரிசியைச் சேர்த்துக்கொள்ள வேண்டியவர்கள் அவர்கள். அவர்களுடைய உழைப்புக்கு உரிய விலையை முகம் சுளிக்காமல் கொடுப்போம். அந்த விலையை அவர்களும் வெளிச்சத்தில் எழுதி வைக்கட்டும். பகலில் சொல்லக் கூசாத தொகையாக இருந்தால், அதையே இரவிலும் வாங்கிக்கொள்ளலாம்.